குளிசை இரத்தத்துக்குள் போய் என்னவாகிறது? மூலக்கூறை நிறுத்துப் பார்க்கும் கதை

கிளிநொச்சியில் கிளினிக் நாள் என்றால் பெரியப்பா வட்டக்கச்சியிலிருந்து விடியவே வெளிக்கிட்டுவிடுவார். ஒரு கையில் கிளினிக் கொப்பி, மற்றக் கையில் ஒரு புடவைக்கடைப் பை. பைக்குள் கடதாசி உறைகளில் பிரஷருக்கு லொசார்ட்டன், அம்லோடிபின்; கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டேட்டின்; இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் குளோபிடோகிரெல். நெஞ்சுக்குள் ஒருமுறை அடைத்துப் படுக்கையில் கிடந்து எழும்பியதிலிருந்து அந்தப் பை அவரை விட்டு விலகியதில்லை. போன மாதமும் பிரஷர் இறங்கவில்லை. டொக்டர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "ஐயா, ஒழுங்கா மருந்து போடுறனீங்களோ?" என்று கேட்டிருக்கிறார். பெரியப்பாவுக்கு அது சுட்டுவிட்டது.

"போடுறன் எண்டு சொன்னா நம்புறாங்களில்லை, தம்பி. இரத்தத்தை எடுத்து அதுக்குள்ள மருந்து இருக்கோ எண்டு பாக்கேலாதோ? சீனி பாக்கினம், கொழுப்புப் பாக்கினம். மருந்தை மட்டும் பாக்கேலாதாமோ?"

பார்க்கலாம். ஆனால் சீனி பார்ப்பதுபோல அவ்வளவு இலேசான வேலை இல்லை. அன்றைக்குத் திண்ணையில் இருந்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இரசாயனம் படித்திருக்கத் தேவையில்லை. ஏ9 வீதியில் ஒருமுறை பஸ்ஸில் போயிருந்தால் போதும்.

முதலில் அளவைப் பார்ப்போம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 100 என்று வந்தால், ஒரு மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம் சீனி இருக்கிறது என்று பொருள். பெரியப்பா விழுங்கும் கொழுப்புக் குளிசையான அட்டோர்வாஸ்டேட்டின் அதே ஒரு மில்லிலீற்றரில் சில நனோகிராம்தான் இருக்கும். ஒரு மில்லிகிராமைப் பத்து இலட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்தால் அது ஒரு நனோகிராம். இந்த எண் யாருக்கும் மனதில் ஒட்டாது. ஆகவே இரணைமடுவுக்குப் போவோம். குளம் முட்டி வான்கதவு திறக்கும் நிலையில் அதில் ஏறக்குறைய 130 முதல் 150 மில்லியன் கன மீற்றர் தண்ணீர் நிற்கும். ஆனையிறவு உப்பில் 50 கிலோ மூடை மூன்றைக் கொண்டுபோய் அவ்வளவு தண்ணீருக்குள்ளும் கொட்டி நன்றாகக் கலக்கிவிட்டால், ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு நனோகிராம் என்ற கணக்கு வரும். அப்புறம் குளக்கட்டில் நின்று ஒரு செம்பு தண்ணீர் அள்ளி, போட்டது மூன்று மூடையா நான்கு மூடையா என்று சொல்லவேண்டும். வேலை அதுதான்.

"குளத்துத் தண்ணியிலை முதலே உப்பிருக்குமே" என்று பெரியப்பா இடையில் மறித்தார். சரியான கேள்வி. இரத்தமும் வெறும் தண்ணீர் இல்லை. புரதம், கொழுப்பு, உப்பு, சீனி, நேற்றைய சாப்பாட்டின் மிச்சம், போதாததற்கு மற்ற மூன்று குளிசைகள். இத்தனைக்குள்ளும் ஒன்றை மட்டும், அதுவும் பிழையில்லாமல், பிரித்து அறிய வேண்டும். நிறம் பார்த்தோ, ஏதாவது ஒரு திரவம் விட்டு நுரை வருகிறதா என்று பார்த்தோ இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனக்கென்று ஒரு திணிவு இருக்கிறது. அதை நிறுத்துப் பார்க்கும் கருவிதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றர். பாடப்புத்தகத் தமிழில் திணிவு நிறமாலைமானி.

கருவிக்குள் போவதற்கு முன் ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே அதுதான். குளிசையின் பெயரில் உள்ள பொருளும் இரத்தத்தில் நின்று வேலை செய்யும் பொருளும் பல வேளைகளில் ஒன்றில்லை. ஈரல் சும்மா இருக்காது. உள்ளே வந்ததை வெட்டும், ஒட்டும், ஒட்சிசன் ஏற்றும். இந்த மாற்றத்துக்கு அனுசேபம் என்று பெயர். மாறி வருவது அனுசேபப் பொருள்.

இந்த வெட்டுக்கும் ஒட்டுக்கும் திணிவில் கணக்கு இருக்கிறது. ஒரு ஐதரசன் அணுவின் திணிவை ஏறக்குறைய 1 என்று வைத்தால், ஒரு ஒட்சிசன் அணு ஏறினால் 16 கூடும். ஒரு எதைல் கூட்டம் கழன்று அந்த இடத்தில் ஐதரசன் வந்தால் 28 குறையும். மெதைல் கழன்றால் 14 குறையும். உடல் ஒன்றை வெளியே அனுப்பத் தீர்மானித்து அதன் முதுகில் குளுக்குரோனிக் அமிலத்தைக் கட்டிவிட்டால் 176 கூடும். தராசின் முள் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தே ஈரல் என்ன செய்தது என்று ஊகிக்கலாம்.

லொசார்ட்டனை எடுப்போம். அதன் திணிவு 422. ஒரு புரோத்தன், அதாவது மின்னேறிய ஐதரசன், ஏறிய நிலையில் கருவிக்கு 423 ஆகத் தெரியும். ஈரல் அதன் ஒரு நுனியிலுள்ள அல்ககோல் பகுதியை அமிலமாக மாற்றும். இரண்டு ஐதரசன் போய் ஒரு ஒட்சிசன் வருவதால் 14 கூடி 437 ஆகிறது. விழுங்கியதில் ஏறக்குறைய 14 சதவீதம்தான் இப்படி மாறும். ஆனால் அந்தச் சின்னப் பங்கு மூல மருந்தைவிட 10 முதல் 40 மடங்கு வலுவானது. மூலம் 2 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், மாறியது பாதியாக 6 முதல் 9 மணித்தியாலம் எடுக்கும். பிரஷரை நாள் முழுக்கப் பிடித்துவைப்பதில் பெரும் பங்கு 437க்குத்தான். பிரஷருக்குக் கொடுக்கும் இன்னொரு குளிசையான எனலாப்ரில் இன்னும் வேடிக்கை. அது தன்னளவில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. 28ஐ இழந்து எனலாப்ரிலாட் ஆன பிறகுதான் மருந்து என்று சொல்லத் தகுதி வரும். அட்டோர்வாஸ்டேட்டினில் 16 ஏறிய பொருள்களும் மூலத்தைப் போலவே வேலை செய்கின்றன. அந்தக் குளிசையின் பலனில் ஏறக்குறைய 70 சதவீதம் அவற்றால் வருவது என்று கணித்திருக்கிறார்கள்.

குளோபிடோகிரெல் இதற்கு நேர்மாறான துயரக் கதை. இரத்தத்தட்டுகள் ஒட்டிக் கட்டியாகாமல் தடுக்கும் குளிசை அது. உள்ளே போனதில் 85 சதவீதத்தளவு ஒரு நொதியத்திடம் மாட்டி, மெதைலை இழந்து, ஒன்றுக்கும் உதவாத அமிலமாகிப் போகும். எஞ்சிய கொஞ்சம்தான் ஈரலில் இரண்டு படி தாண்டி வேலை செய்யும் பொருளாகிறது. அந்தப் படிகளில் முக்கியமான ஒரு நொதியத்தின் பெயர் சிப் 2சி19. பிறப்பிலேயே அது மந்தமாக உள்ளவர்கள் தெற்காசியரிடையே குறைவில்லை. அப்படிப்பட்டவர் குளிசையை ஒரு நாளும் தவறாமல் போட்டாலும் மருந்து போதிய அளவு உருவாகாது. ஆகவே 'மருந்து இரத்தத்தில் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். எந்த உருவத்தில் எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்கவேண்டும்.

சரி, இனிக் கருவி.

குத்தி எடுத்த இரத்தத்தைச் சுழல் இயந்திரத்தில் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும், மேலே வெளிர்மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். அதில் கொஞ்சத்தை எடுத்து அசற்றோநைத்திரைல் என்ற திரவத்தை விட்டுக் கலக்கினால், பாலில் தேசிக்காய் விட்ட மாதிரிப் புரதம் திரைந்து ஒதுங்கிவிடும். தெளிந்த நீரில் மருந்து இருக்கும்.

அடுத்து அந்தத் தெளிவை ஒரு விரல் நீள உருக்குக் குழாய் வழியாக அழுத்தித் தள்ளுவார்கள். உள்ளே மாவைப்போன்ற சிலிக்காத் துணிக்கைகள், ஒவ்வொன்றின் மேலும் 18 காபன் நீளமான எண்ணெய்த்தன்மையான சங்கிலிகள். இங்கேதான் ஏ9. வவுனியாவிலிருந்து நாலைந்து வாகனங்கள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன என்று வையுங்கள். ஒன்று எங்கும் நிற்காமல் ஓடுகிறது. ஒன்று முறிகண்டியில் மட்டும் நிற்கிறது: பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வெளிக்கிடுகிறது. இன்னொன்று ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று கண்ட தேத்தண்ணிக் கடையெல்லாம் நிற்கிறது. கிளிநொச்சியில் நிற்பவருக்கு இவை வேறுவேறு நேரத்தில் வந்து சேரும். எண்ணெயோடு ஒட்டும் மூலக்கூறு அடிக்கடி நின்று மெதுவாக வரும். தண்ணீரோடு ஒட்டுவது விரைவாக வந்துவிடும். குளுக்குரோனிக் அமிலம் சுமந்தவை முந்திக்கொள்ளும். எல்லாம் சில நிமிடத்துக்குள்.

தராசு இருக்கும்போது இந்தப் பயணம் எதற்கு என்று கேட்கலாம். தராசால் பிரிக்க முடியாத இரட்டையர்கள் இருக்கிறார்கள். அட்டோர்வாஸ்டேட்டினில் ஒட்சிசன் இரண்டு இடங்களில் ஏறலாம். எங்கே ஏறினாலும் திணிவு ஒன்றுதான். யார் முதலில் வந்து சேர்ந்தார் என்பதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணவேண்டும்.

குழாயின் முடிவில் திரவம் மிக நுண்ணிய ஊசி வழியாகச் சில ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தில் தூவானமாகச் சிதறும். துளிகள் காயக்காய உள்ளிருந்த மூலக்கூறுகள் மின்னேற்றத்துடன் காற்றில் எஞ்சும். ஏற்றம் இல்லாவிட்டால் மின்புலத்தால் அவற்றை இழுக்கவோ திருப்பவோ முடியாது. இந்தத் தூவான முறையைப் பெரிய புரதங்களுக்கும் பயன்படும்படி ஆக்கியவர் அமெரிக்கரான ஜோன் ஃபென். 2002இல் இரசாயன நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பாரமான மூலக்கூறுகளைப் பறக்கவிட்டதை, யானைகளுக்குச் சிறகு கட்டியதாக அவரே வருணித்தார். யானை வேலி கட்டிக்கொண்டிருக்கும் எங்கள் சனத்துக்கு இது அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

இனி நிறுக்கும் இடம். முதன்முதலில் இதைச் செய்தவர்கள் காந்தத்தால் அயன்களை, அதாவது மின்னேறிய துணிக்கைகளை, வளைத்தார்கள். ஆங்கிலேய விஞ்ஞானி ஜே.ஜே. தொம்சன் 1912 வாக்கில் நியோன் வாயுவை இப்படி அனுப்பி, 20, 22 என்று இரண்டு நிறையில் நியோன் இருப்பதைக் கண்டார். களத்தில் நெல் தூற்றும்போது மணி கிட்ட விழுந்து பதர் தள்ளிப் போகிறதே, அந்த மாதிரி. இன்று மருந்து அளக்கும் கருவிகளில் பெரும்பாலும் காந்தம் இல்லை. சமாந்தரமான நான்கு உலோகக் கோல்களுக்கு நடுவால் அயன்கள் போகும். கோல்களில் மின்னழுத்தம் வினாடிக்குப் பல இலட்சம் தடவை மாறி மாறி அடிக்கும். அந்தத் தாளத்துக்குப் பொருந்தும் திணிவுள்ள அயன் நடுவழியே ஆடி ஆடி வெளியேறும். இலேசானதும் பாரமானதும் கோலில் மோதி அழிந்துவிடும். தாளத்தை மாற்றினால் வேறொரு திணிவுக்கு வழி திறக்கும். இந்த அமைப்பு 1950களில் ஜேர்மனியின் வொல்ஃப்காங் போல் என்பவரிடமிருந்து வந்தது.

ஒரு கதவு போதாது என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். முதற்கதவு 322ஐ மட்டும் விடுகிறது என்போம். அது குளோபிடோகிரெலாக இருக்கலாம், தற்செயலாக அதே திணிவுள்ள வேறு எதுவாகவும் இருக்கலாம். அதை ஆகன் அல்லது நைதரசன் வாயு நிரம்பிய அறைக்குள் விட்டு மோத வைப்பார்கள். ஒரே மாதிரியான சைக்கிள்கள் கிடங்கில் விழுந்தால் ஒரே பற்றாசில்தான் விட்டுப்போகும். மூலக்கூறும் தன் பலவீனமான மூட்டில்தான் உடையும். குளோபிடோகிரெல் 110ஐ உதறிவிட்டு 212 ஆகும். இரண்டாவது கதவு அந்த 212ஐ மட்டும் எண்ணுகிறது. மெதைலை இழந்த அந்த உதவாத அமிலம் 308. அதுவும் அதே 110ஐ உதறி 198 ஆகிறது. மூலத்துக்கும் அமிலத்துக்கும் முழு நிலையில் இருந்த 14 வித்தியாசம் துண்டிலும் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் ஈரல் கை வைத்தது உதிர்ந்த பக்கத்தில் இல்லை, எஞ்சிய பக்கத்தில். கண்ணால் காணமுடியாத ஒன்றைப் பற்றி இரண்டு கழித்தல் கணக்கால் இவ்வளவு சொல்ல முடிவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். துண்டை மட்டும் நம்பவும் கூடாது. இதய மருந்துகளான மெட்டோபிரோலோல் 268, பிசோபிரோலோல் 326, இரண்டுமே உடைந்தால் 116 தரும். இரண்டு எண்ணும் சேர்ந்தால்தான் சாட்சி.

எண்ணியாயிற்று. ஆனால் வழியில் எவ்வளவு தொலைந்தது? புரதத்தோடு ஒட்டிக் கொஞ்சம் போயிருக்கும், குழாயில் கொஞ்சம் தங்கியிருக்கும். தூவானத்தில் வேறு கொழுப்புகள் வந்து, பஸ்ஸில் சீற் பிடிப்பதுபோல மின்னேற்றத்தைப் பறித்திருக்கும். இதற்கு வைத்திருக்கும் உபாயம் மாட்டுப்பட்டிக்காரருக்கு உடனே விளங்கும். காட்டுக்கு மேயப்போகும் பட்டியோடு குறி சுட்ட மாடு பத்தைச் சேர்த்து விடுங்கள். மாலையில் குறிமாடு எட்டுத்தான் திரும்பியதென்றால் மற்ற மாடுகளிலும் ஐந்திலொன்று வரவில்லை என்று கணக்கிடலாம், இரண்டும் ஒரே காட்டில் ஒரே மாதிரித்தானே மேய்ந்தன. ஆய்வுகூடத்தில் குறி சுடுவது டியூட்டீரியத்தால். லொசார்ட்டனின் நான்கு ஐதரசனுக்குப் பதில் பாரமான ஐதரசனை வைத்துச் செய்தால் 423 என்பது 427 ஆகும். நடத்தை ஏறக்குறைய அதேதான், தராசில் மட்டும் வேறு. இரத்தம் கைக்கு வந்ததும் இதில் தெரிந்த அளவை விட்டுவிடுவார்கள். கடைசியில் பார்ப்பது 423க்கும் 427க்கும் உள்ள விகிதத்தை. என்னைக் கேட்டால், கோடிக்கணக்கில் விலைபோகும் கருவியைவிடக் கெட்டித்தனம் இந்தக் குறிமாட்டில்தான் இருக்கிறது.

குறிமாட்டாலும் காப்பாற்ற முடியாத இடங்கள் உண்டு. குளோபிடோகிரெலின் வேலை செய்யும் உருவம் முல்லைத்தீவுக் கடற்கரையில் ஏறிய மீன் மாதிரி. உடனே ஐஸ் போடாவிட்டால் பழுது. இரத்தம் குழாயில் விழுந்த கையோடு அதைப் பிடித்துக் கட்டும் ஒரு இரசாயனத்தைச் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் ஆய்வுகூடம் போகும்போது அளக்க ஒன்றும் இராது. இன்னொன்று இதைவிட மோசம். குளோபிடோகிரெலின் கழிவுருவம் ஒன்று மெதனோலில் பட்டால் திரும்பவும் குளோபிடோகிரெலாக மாறிவிடும். சுத்தம் செய்ய விட்ட திரவமே இல்லாத மருந்தை உண்டாக்கிக் காட்டும். இதைக் கவனிக்காமல் அளந்தால் கணக்கு கூடித்தான் வரும்.

நிறுப்பதால் கிடைக்கும் இன்னொரு நன்மை எங்கள் மண்ணோடு தொடர்புள்ளது. டிகொக்சின் என்ற பழைய இதய மருந்துக்கு இரத்த அளவு பார்ப்பது வழக்கம், ஏனென்றால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் வரம்பு மிகச் சிறியது. ஒரு மில்லிலீற்றரில் ஒரு நனோகிராமுக்குக் கீழே போதும், இரண்டைத் தாண்டினால் ஆபத்து. வழக்கமான சோதனை, உருவத்தை அடையாளம் காணும் பிறபொருளெதிரியால் செய்வது. வேலியோரத்து மஞ்சள் அலரியில் உள்ள நஞ்சுகளும் டிகொக்சினின் சொந்தக்காரர்கள்தான். முகச்சாயல் ஒன்றாக இருப்பதால், அலரி நஞ்சேறிய ஒருவரின் இரத்தத்தை அந்தச் சோதனை 'டிகொக்சின் இருக்கிறது' என்று சொல்லிவிடும். அவர் ஒரு நாளும் டிகொக்சின் தொட்டிருக்கமாட்டார். தராசுக்கு முகச்சாயல் தெரியாது. டிகொக்சின் 781, அலரியின் நெரிஃபோலின் 535, தெவெற்றின் 859. வேறு வேறு ஆட்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, நாளைக்கே கிளினிக்கில் இந்தச் சோதனையைக் கேட்கலாம் என்று நினைக்கவேண்டாம். இது வழக்கமாக எடுக்கும் சோதனை இல்லை, பெரும்பாலானோருக்குத் தேவையும் இல்லை. கொழுப்புக் குளிசை வேலை செய்கிறதா என்று கொழுப்பைப் பார்த்தே சொல்லலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினுக்கு இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கிறார்கள். பிரஷர் குளிசைக்குக் கையில் பட்டி கட்டினால் போதும். பிரஷர் மூன்று நான்கு மருந்துக்கும் மசியாதபோது, புது மருந்து சேர்ப்பதா, இருப்பதை உடல் ஏற்கவில்லையா, அல்லது ஆள் விழுங்கவில்லையா என்று அறியச் சில நாடுகளில் இந்த முறையில் இரத்தத்தையோ சிறுநீரையோ பார்க்கிறார்கள். விரல் நுனியில் குத்திக் கடதாசி மட்டையில் ஒரு சொட்டு வைத்து, காயவைத்துத் தபாலில் அனுப்பும் வழியும் இருக்கிறது. ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ ஐஸ்பெட்டி இல்லாமல் அனுப்ப ஏற்றதுபோலத் தோன்றும். ஆனால் இரத்தச்சோகை உள்ளவரின் சொட்டு மட்டையில் அகலமாகப் பரவும், ஒரே அளவு வட்டம் வெட்டினாலும் அதில் இரத்தம் குறைவாக இருக்கும். எங்கள் வெயில் மருந்தை மட்டையிலேயே சிதைக்கிறதா என்று ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே பார்க்கவும் வேண்டும்.

பெரியப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முறிகண்டிக் கச்சானுக்குச் சிரித்தார், குறிமாட்டுக்குத் தலையாட்டினார். பிறகு கொஞ்ச நேரம் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப, கிளினிக்குக்குப் போற அண்டு காலமை மட்டும் போட்டுக்கொண்டு போனாலும் பிடிச்சிடுமோ?"

மருந்தைப் பொறுத்தது என்றேன். லொசார்ட்டன் இரத்தத்துக்கு விரைவாக வரும், விரைவாகப் போகும். விடியப் போட்டுவிட்டு வரிசையில் இரண்டு மணித்தியாலம் இருந்தால், தவறாமல் போடுபவரையும் அன்றைக்கு மட்டும் போட்டவரையும் 423ஐ வைத்துப் பிரிப்பது கஷ்டம். அம்லோடிபினிடம் அது பலிக்காது. அது பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணித்தியாலம் செல்லும். நாளாந்தம் போட்டால் நேற்றையதன் மேல் இன்றையது சேர்ந்து, ஒரு வாரமளவில் முதல் நாளைப்போல் இரண்டு மூன்று மடங்கில் போய் நிலைக்கும். விழுங்கியபின் உச்சத்துக்கு ஏறவும் 6 முதல் 12 மணித்தியாலம் வேண்டும். காலையில் மட்டும் போட்டவரின் இரத்தத்தில் ஒன்பது மணிக்கு, நாளாந்தம் போடுபவரிடம் இருக்கும் அளவில் ஒரு சிறு பங்குதான் இருக்கும்.

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. மடியில் கிடந்த பையை அவிழ்த்து, உறைகளை ஒவ்வொன்றாகத் திண்ணையில் பரப்பினார்.

"இதுக்குள்ள எதடா அம்லோடிபின்?"